அந்த வயலினைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா

சீரியல் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடிக்கிறவர் முகம் மாறுவதற்கு முன்னாலேயே பின்னணியில் வயலின் ஓவென்று அழ ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் மாமியார் முகம், நாத்தனார் முகம், வாசலில் நிற்கிற டிரைவர் முகம் என்று ஒவ்வொன்றையும் மூன்று மூன்று தடவை ஜூம் போட்டுக் காட்டி முடிப்பதற்குள் விளம்பரம். அந்தப் பெண் என்ன நடித்தாள் என்று பார்க்க விட்டால்தானே?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் அப்பாயி தினமும் சொல்வதுதான். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். நடவும் களையெடுப்புமாக உழைத்த உடம்பு, சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அப்பாயிதான் முதல் ஆள். அதனால் டிவியில் யார் அழுதாலும் வெற்றிலையை மென்றுகொண்டே மார்க் போடும். "மார்ல அடிச்சிக்கிட்டா ஆச்சா? என்னத்துக்கு அழுவுறேன்னு சொல்லி அழுவ வேணாமா?"

நியாயமான கேள்வி. ஒப்பாரியில் ஒரு கணக்கு வழக்கு இருக்கும். பிறந்த வீட்டுச் சீர், அண்ணன் செய்யாமல் விட்டது, பந்தலில் உட்கார்ந்திருக்கிற பங்காளிக்கு ஒரு குத்து, எல்லாம் மெட்டோடு வந்து விழும். சீரியலில் கண்ணீர் மட்டும்தான் வருகிறது, கணக்கு வருவதில்லை.

'மெட்டி ஒலி' வந்தபோது அப்படி இல்லை. சன் டிவியில் 2002இல் ஆரம்பித்து 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்து அல்லாடுகிற சிதம்பரமாக டெல்லி குமார். இங்கே 2002, 2003 இரண்டு வருஷமும் மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கம்போல ஜூன் 12இல் திறக்கவில்லை, குறுவை நெல் போயிற்று, சம்பாவும் இழுபறி. நகையை அடகு வைத்துவிட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சிதம்பரங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். சம்பந்தி வீட்டில் அந்த மனுஷன் கைகட்டி நிற்கும்போது, கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள். பீடி பிடிக்கவாம்.

அதற்கப்புறம் ஆண்களை டிவி முன்னால் வெளிப்படையாக உட்கார வைத்தது 'எதிர்நீச்சல்' சீரியல் மாரிமுத்துதான். அவர் நடித்த ஆதி குணசேகரன் செய்வதெல்லாம் அக்கிரமம், படித்த பெண்களைக் கட்டிக்கொண்டுவந்து அடுப்படியில் அடைத்து வைக்கிற ஆள். ஆனால் கண்ணை உருட்டுகிற வழக்கமான வில்லத்தனம் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசுகிற பெரிய மனுஷன் எப்படி இழுத்து இழுத்துப் பேசுவாரோ அப்படியே பேசினார். "ஏய், இந்தாம்மா" என்று டீக்கடையில் சின்னப் பையன்கள்கூடச் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். திட்டித் தீர்த்த அப்பாயியே அன்றைக்கு, "வாயிதாண்டா கெட்ட வாயி, மனுசன் நல்ல மனுசன்" என்றது. நேரில் பார்த்த மாதிரி! அடுத்து அந்த வேஷத்துக்கு வந்த வேல ராமமூர்த்தியும் சாதாரண ஆள் இல்லை, இருந்தாலும் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வரைக்கும் அவர் விருந்தாளிதான்.

அதே சீரியலில் குணசேகரன் மனைவி ஈஸ்வரியாக வந்த கனிகாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். புருஷன் கத்துவான், இவர் பதில் பேசாமல் நிற்பார். அழவும் மாட்டார். சில சமயம் மூச்சு இழுத்து விடுவது மட்டும்தான் தெரியும். எனக்கு அழுகை வருவது அந்த இடத்தில்தான். எங்கள் சித்திக்கும் அப்படித்தான், ஆனால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடும். அந்த மாதிரி இடத்திலும் வயலினை விட்டுக் கெடுத்த நாட்கள் உண்டு, அதில்தான் எனக்குக் கோபம்.

தினமும் எபிசோடு எடுத்துத் தள்ள வேண்டும், டிஆர்பி வேண்டும், இதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனால் நல்ல நடிகரைக் கையில் வைத்துக்கொண்டு இசைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது எந்த ஊர் நியாயம்? சரி, அடுத்த வாரம் இப்போது ஓடுகிற வேற ரெண்டு சீரியல் சேர்ந்து மகாசங்கமம் என்று புரோமோ போட்டுவிட்டார்கள். ரெண்டு குடும்பமும் ஒரே கல்யாண மண்டபத்தில் நின்று அழப்போகிறது. நானும் பார்க்கத்தான் போகிறேன், ரிமோட் அப்பாயி கையில் இருக்கிறது.