மாத்திரை கொன்றுவிட்டதாம்

அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட மாட்டேன், அவருக்கு வியூஸ் ஏற்றிவிட எனக்கு மனசில்லை. ‘கொலஸ்ட்ரால் குறைந்தால் தற்கொலை எண்ணம் வரும், விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்.’ இன்று காலை அப்பா ஸ்டாட்டின் அட்டையை, அதுதான் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை, ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். ஸ்டென்ட் வைத்த மனிதர்.

விஞ்ஞானிகள் சொன்னார்கள்தான். எப்போது? 1990இல். மல்டூன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கொலஸ்ட்ராலைக் குறைத்துப் பார்த்த ஆறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 25 ஆயிரம் ஆண்கள். கொலஸ்ட்ராலைக் குறைத்தவர்களிடம் இதயநோய்ச் சாவு குறைந்திருந்தது; விபத்து, தற்கொலை, வன்முறைச் சாவுகள் கூடியிருந்தன. நான் மறைக்கவில்லையே! ஆனால் அப்போது ஸ்டாட்டின் புழக்கத்துக்கு வந்தே சில வருடம்தான். அதே மல்டூன் 2001இல் 19 சோதனைகளைப் பார்த்துவிட்டு, ஸ்டாட்டினால் அப்படிக் கூடியதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார். அதே ஆள், அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல். வீடியோக்காரருக்கு மட்டும் காலண்டர் 1990லேயே நின்றுவிட்டது.

‘நீ என்ன டாக்டரா?’ இல்லை. அவரும் இல்லை. ‘மருந்துக் கம்பெனி காசு கொடுத்ததா?’ கொடுத்தால் வீட்டு லோனை அடைப்பேன்.

‘தற்கொலை செய்துகொண்டவர்கள் பலருக்குக் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்ததே?’ இது நியாயமான கேள்வி. மனசு விட்டுப்போனவர் சாப்பிட மாட்டார். சாப்பிடாவிட்டால் எடை இறங்கும், கொலஸ்ட்ராலும் இறங்கும். எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் சித்தப்பா வாழ்க்கையில் ஒரு நாள்கூட கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டதில்லை. கடைசி ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 118. ‘பாத்தியா, உங்க அப்பாவைவிட இவருக்கு எவ்வளவு நல்லா இருக்கு’ என்று சித்தி பெருமைப்பட்டார். ஆறு மாதமாக இரண்டு இட்லியில் ஒன்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துபோனவர். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘கொலஸ்ட்ரால் மாத்திரை ஏதாவது எடுத்தாரா தம்பி?’

அப்பாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை என்று சொல்லிவிட்டால், தன் தம்பி ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காமல் விட்டதை யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள். அவரை மட்டும் சொல்வானேன்? அந்த 118 ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவன் நான்தான். ‘சூப்பர் சித்தப்பா’ என்று எழுதினேன். பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.