அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் மருந்து எழுதலாம்

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி (கண்ணையும் பார்வையையும் பரிசோதித்துப் பராமரிக்கும் தொழில், அதைச் செய்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட்) படிக்க இன்டர்வியூ போகிறவர்கள், "கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் மட்டும்தான் எங்கள் வேலை, மருந்து எழுத அனுமதி கிடையாது" என்று பதில் சொல்லும்படி ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தகவல் சரியில்லை.

50 மாநிலங்களிலும் ஆப்டோமெட்ரிஸ்ட் கண் நோய்களுக்கு மருந்து எழுதலாம். எந்த மருந்து, எதுவரை என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) மருந்து கொடுக்க அனுமதித்த கடைசி மாநிலம் மாசசூசெட்ஸ், அங்கே சட்டம் வந்ததே 2021 தொடக்கத்தில்தான். ஓக்லஹோமாவில் 1998 முதலும் கென்டக்கியில் 2011 முதலும் சில லேசர் சிகிச்சைகளைக்கூடச் சட்டம் அனுமதிக்கிறது. கண்புரை ஆபரேஷன் மாதிரியானவை ஆப்தல்மாலஜிஸ்ட், அதாவது மருத்துவம் படித்த கண் டாக்டர், செய்வது, அதில் மாற்றமில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. "டாக்டருக்குப் படிக்காமல் ஏன் ஆப்டோமெட்ரி?" என்று இன்டர்வியூவில் கேட்பது சகஜம், அப்போது போய் இந்தப் பதிலைச் சொன்னால் தொழிலைப் பற்றியே விசாரிக்காமல் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள், பாவம், பிள்ளைகள் எவ்வளவு உழைத்து அந்த இடம் வரை வருகிறார்கள்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். கல்லூரி இருக்கும் மாநிலத்தின் ஆப்டோமெட்ரி போர்டு (இந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் அமைப்பு) இணையதளத்துக்குப் போய், சட்டங்கள், விதிமுறைகள் என்ற பகுதியில் மருந்து பற்றிய பிரிவைப் படியுங்கள். அப்புறம் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தையும் திறந்து பாருங்கள், கண் மருந்தியலும் கண் நோய்களும் தனித்தனிப் பாடமாகவே இருக்கும்.