யோர்க்கில் நண்பர்களே கிடைக்காதா? ஒரு சின்னத் திருத்தம்
"யோர்க் பல்கலைக்கழகத்தில் விடுதியே கிடையாது, வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள், நட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று கனடாவின் ரொறன்ரோ நகரத்து யோர்க்கைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெரும்பாலானோர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் என்பது சரி. விடுதி இல்லை என்பது தவறு. பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமான கீல் வளாகத்துக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றன. இளங்கலை மாணவர்களை ஸ்ரோங், வனியே என்று பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியோடு இணைத்தும் விடுவார்கள், வீட்டிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்து.

கூடும் நேரம்தான் வேறு. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் மூன்று மணிநேரம் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் நடக்கும். வளாகத்தில் உள்ள வாரி ஹோல் கட்டடத்தின் வட்டக் கூடத்தில் மேசை போட்டு மாணவர் சங்கங்கள் ஆள் பிடிக்கும். மழைக்கு ஒதுங்கி நின்ற என்னிடம் ஒரு அக்கா பேனாவை நீட்டினார். தமிழ் மாணவர் சங்கத்தில் நான் சேர்ந்த கதை அவ்வளவுதான்.

உண்மையான இடைஞ்சல் பயணம். 2017 டிசம்பரில் சப்வே வளாகத்துக்குள்ளேயே வந்தது, நல்லது. ஆனால் 2019 ஜனவரியில், புறநகர்களிலிருந்து வரும் கோ பஸ்கள் உள்ளே வருவது நின்று, ஹைவே 407 சப்வே நிலையத்தோடு இறக்கிவிட்டன. அங்கிருந்து சப்வேயில் இரண்டே தரிப்பு, அதற்கு இன்னொரு கட்டணம்! 2024 பெப்ரவரியில் பஸ்ஸிலிருந்து சப்வேக்கு மாறினாலும் இரண்டாவது கட்டணம் கேட்காத ஒற்றைக் கட்டணத் திட்டம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. சங்கத்தின் மாலைக் கூட்டங்களில் பாதியில் எழும்பி ஓடியவர்களில் பலர் பஸ்ஸைத் தவறவிடப் பயந்தவர்கள்.

தம்பி, செப்டெம்பர் முதல் வாரம் மதியம் வாரி ஹோல் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள்.