கில்லன்-பாரே: குழந்தையை வற்புறுத்தி நடக்க வைக்காதீர்கள்

கில்லன்-பாரே என்பது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கி, கை கால்களைப் பலவீனமாக்கும் நோய். "கில்லன்-பாரே வந்த குழந்தையை, அழுதாலும் விடாமல் நடக்க வைத்தால்தான் காலில் பலம் வரும்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து யாரும் செய்துபார்க்காதீர்கள். நரம்பைச் சுற்றியுள்ள 'மையலின்' என்ற பாதுகாப்பு உறை சிதைவதால் வரும் பலவீனம் இது. அளவுமீறிக் களைத்தால் இருக்கிற பலமும் குறையும்.

பெரும்பாலும் 4 வாரத்துக்குள் நோய் உச்சத்தைத் தொடும். அதுவரை மூச்சைக் கவனிப்பது, மூட்டு இறுகாமல் மெதுவாக அசைத்துக்கொடுப்பது, பாதம் தொங்கிவிடாமல் ஸ்பிளின்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போடுவது, இவைதான் முக்கியம். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் சிறுசிறு பயிற்சி, இடையிடையே ஓய்வு. மறுநாளும் அசதி நீடித்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் மீண்டும் நன்றாக நடக்கிறார்கள். உறை மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் நரம்பிழையே சேதமாகியிருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும். அழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள், நரம்பு வலி இந்த நோயிலேயே உண்டு. டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து தருவார்.