இன்ஜினியர் ஆர்கன் வாசிக்கக் கூடாதா?

நம் ஆலயத் திருவிழா நன்றியறிவிப்பில் மைக்கில் என்ன சொன்னார்கள் என்று ஊருக்கே தெரியும். வீடியோவும் சுற்றுகிறது. "தம்பி, பெட்டி வாசிக்கிறதை விட்டுட்டு வேலையில கவனமா இரு" என்று, கோயிலில் கீபோர்டு வாசிக்கும் நம் இன்ஜினியர் பையனிடம் ஒரு பெரியவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் நம் பாடகர் குழுவினரும் சிலர் இருந்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் வேலையை விடவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். லீவைச் சேர்த்து வைத்து, திருவிழாவையொட்டிய ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்கு வருகிறான். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை அக்கரையிலேயே இறங்கி, பஸ் பிடித்து வந்து பாட்டுப் பயிற்சிக்கு உட்கார்ந்தான். வேலையையும் விடவில்லை, வாசிப்பையும் விடவில்லை.

"கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறார்கள், வேலை போனால் யார் பார்ப்பது?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கடனை மாதாமாதம் கட்டுகிறவனே அவன்தான். அவனுக்கு இல்லாத கவலையா நமக்கு?

ஆர்கன் விளையாட்டுச் சாமான் இல்லை. சென்னையில் பழைய ஆலயம் ஒன்றில், காற்றால் குழாய்களை ஒலிக்க வைக்கும் பைப் ஆர்கன் பழகுகிறான். கைகள் மேலே ஒரு மெட்டில் போகும்போது, கால்கள் கீழே கட்டைகளில் தனியாக இன்னொன்றை வாசிக்க வேண்டும். நம் கோயிலில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. உப்புக் காற்றில் உள்ளே கான்டாக்ட் அழுக்கேறி நடுவில் சில கட்டைகள் ஊமையாகிவிடும். கழற்றித் துடைத்து மறுபடி பேச வைக்கிறவன் யார்? அந்த இன்ஜினியர்தானே? ஆர்கனை முதன்முதலில் செய்தவராகச் சொல்லப்படும் அலெக்சாந்திரியா நகரத்து க்டெசிபியஸே பம்பும் நீர்க்கடிகாரமும் செய்த பொறியாளர்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டு. தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிக் குழாய்களை ஒலிக்க வைத்தார். இதைப் பயிற்சியில் அவன் சொன்னபோது எங்கள் சின்னப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள்.

என் தம்பி தபேலா வாசிப்பான். ஐடிஐ சேர்ந்ததும் இதே பேச்சுதான், "இது சோறு போடுமா?" என்று. விட்டுவிட்டான். இப்போது வளைகுடாவில் இருக்கிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான். திருவிழா நேரலை பார்த்துவிட்டுப் போன் செய்தால் அம்மா எப்படி இருக்கிறாள் என்பதற்கு முன்னாலேயே "தபேலா யாரு?" என்றுதான் கேட்பான். அவனுக்கு அதைச் சொன்னவர்கள் யாரும் இன்று அவனை நினைப்பதுகூட இல்லை.

அப்புறம் இன்னொன்று. "கோயில் சேவைக்குப் பெருமை எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பந்தலுக்குப் பணம், சீரியல் லைட்டுக்குப் பணம், வாணவேடிக்கைக்குப் பணம். தேர் பவனி முடிந்து எல்லோரும் போன பிறகு கீபோர்டைத் துடைத்து உறையில் போடுகிறவனுக்கு ஒரு சால்வை. போன வருடம் அதுவும் மறந்துவிட்டது. அவன் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

அவன் இளையவன், பெரியவரிடம் எதிர்த்துப் பேச மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பாட்டையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். கமிட்டி அண்ணன்மாரே, மைக்கில் சொன்ன வார்த்தைக்கு வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொன்னால் போதாது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எல்லோரும் இருக்கும்போது, அதே மைக்கில் அவனுக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த திருவிழா கணக்கில் இசைக்கென்று ஒரு தொகை எழுதுங்கள்.