வளாகத்தின் நடுவில் எதை வைத்திருக்கிறார்கள்?

மே, ஜூன் மாதங்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து பிள்ளைகளோடு பெங்களூருக்குக் கல்லூரி பார்க்க வருகிறவர்கள் ஏராளம். வரவேற்பறைச் சுவரில் பளபளக்கும் எழுத்தில் பல்கலைக்கழகத்தின் குறிக்கோள்கள் இருக்கும். அதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். வளாக வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நடுவில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். நூலகமா, நிர்வாக அலுவலகமா, கார் பார்க்கிங்கா? சுவரில் எழுதாததை அது சொல்லிவிடும்.

பன்னேர்கட்டா சாலை ஐஐஎம் இதற்கு நல்ல உதாரணம். கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி வடிவமைத்தது, சுமார் 100 ஏக்கர். அங்கே நடுவில் இருப்பது தனியாக நிற்கும் ஒரு பெரிய கட்டடம் இல்லை, நடைகூடங்கள். கருங்கல் சுவர், மேலே பாதி திறந்த கூரை, வழியெங்கும் உட்கார மூலை முடுக்கு. வகுப்புக்கு வெளியே நடக்கும் பேச்சும் படிப்புதான் என்று நம்பியவர் போட்ட கணக்கு அது. பெங்களூர் வெயிலுக்கு ஏசி தேவைப்படாததும் கைகொடுத்தது. இன்று இப்படிக் கட்டக் கேட்டால் செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டு விழுவது நடைகூடத்துக்குத்தான், "வருமானமில்லாத சதுர அடி" என்று. இரண்டு மீட்டர் அகல நடைகூடத்தில் நின்று பேசினால் பின்னால் வருகிறவர் இடிப்பார். குறைந்தது மூன்றரை மீட்டராவது வேண்டும்.

இந்திய அறிவியல் கழகத்தின் கதை வேறு. 1909-இல் தொடங்கியது, மைசூர் அரசு கொடுத்த நிலம் 371 ஏக்கர். 1942-இல் வானூர்திப் பொறியியல் துறை வந்தது, நாட்டுக்கு விமானம் வேண்டும் என்ற காலம். கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் வடிவமைத்த, விமான மாதிரிகளைக் காற்றோட்டத்தில் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் அந்தக் குறிக்கோளுக்குக் கட்டடமாகவே நிற்கிறது. நூறாண்டுக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருந்தும் வளாகம் சிதறிப்போகாததற்கு அதன் மரச் சாலைகள்தான் காரணம் என்பேன். குல்மொஹர் மார்க், மஹோகனி மார்க் என்று சாலைகளுக்கு மரங்களின் பெயர்.

புதிய தனியார் வளாகங்கள் பலவற்றில் "துறைகளுக்கிடையே உறவாடும் கல்வி" என்று பேசிவிட்டு, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பிளாக் கட்டி ஆளுக்கொரு மூலையில் வைக்கிறார்கள். நடையைக் கணக்குப் போட்டாலே சிக்கல் தெரியும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம். பையைக் கட்டி வெளியே வர இரண்டு, போய் உட்கார இரண்டு. மீதி ஆறு நிமிடம், நிமிடத்துக்கு 80 மீட்டர், ஆக 480 மீட்டர். 100 ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கமே 636 மீட்டர், மூலைக்கு மூலை 900. நிலம் இருக்கிறதே என்று பரப்பினால் பொருளாதாரம் படிக்கும் பெண் கணினித் துறைப் பாடத்தை எடுக்கவே மாட்டாள். பாடத்திட்டம் அனுமதித்தாலும் கால்கள் அனுமதிக்காது.

அடுத்த வியாதி, துறைக்குச் சொந்தமான செமினார் ஹால். சாவி துறைத்தலைவர் மேசையில். புதுக் கட்டடம் கேட்கிறவர்களிடம் முதலில் அறைப் பயன்பாட்டுக் கணக்கைக் கேட்க வேண்டும். வாரம் 40 மணி நேரத்தில் 24 மணி நேரம்தான் அறை ஓடுகிறது, அதிலும் பாதி இருக்கைதான் நிரம்புகிறது என்றால் உண்மையான பயன்பாடு 30 சதவீதம். அறைகளைப் பதிவாளரின் பொது அட்டவணைக்குக் கொண்டுவந்தாலே பல இடங்களில் கட்டடம் தேவைப்படாது. ஆனால் ஆர்க்கிடெக்ட் கட்டணம் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று இருக்கும்வரை 'கட்டாதீர்கள்' என்று அவர் சொல்வாரா?

மாஸ்டர் பிளான் பெரும்பாலும் முதல் வருடத்தில் உடைவதில்லை. மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டிய நிதி வரும்போதோ, நன்கொடையாளர் பெயரில் கட்டடம் வரும்போதோதான் உடைகிறது. கரன்ட், கழிவுநீர்க் குழாய் ஏற்கனவே இருக்கும் இடம் மலிவு, அதனால் மைதானத்தின் ஓரம் போய்விடும். ஐந்து வருடத்தில் மைதானமே போய்விடும். முதலிலேயே குழாய், கேபிள் பாதையை வருங்கால மனைகள் வழியாகக் கொண்டுபோயிருந்தால் இந்தச் சபலம் வராது.

"பசுமை வளாகம்" என்பவர்களிடமும் ஒரு கணக்கு. பெங்களூரில் ஆண்டு மழை சுமார் 970 மில்லிமீட்டர். 1,000 சதுர மீட்டர் கூரையில் 80 சதவீதம் பிடித்தால் ஏழே முக்கால் லட்சம் லிட்டர். ஆயிரம் பேர் விடுதிக்கு, தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால், ஆறு நாளைக்குக்கூடக் காணாது. உண்மையில் மிச்சமாவது கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீரைக் கொடுப்பதில், தலைக்கு 45 லிட்டர். அதற்குத் தனிக் குழாய் வேண்டும், அதுவும் கட்டும்போதே. டைல்ஸ் ஒட்டிய பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

சாய்தளமும் அப்படித்தான். 60 செ.மீ. உயரக் கட்டட அடிப்பீடத்துக்கு, 12 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் ஏறும் சரிவில், 7.2 மீட்டர் நீளம் தேவை. முகப்பில் இடம் விடாமல் பிரம்மாண்டப் படிக்கட்டு போட்டுவிட்டால், சக்கர நாற்காலி குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.