ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது

கிட்னியில் கல் என்று வயிற்று ஸ்கேன் எடுத்தவர்கள் அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். 'இடது சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல்' என்ற வரியை மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, கல்லீரல் பற்றிய இடத்தில், 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் கொழுப்பு படிவதன் ஆரம்ப நிலை, என்று பலருக்கு இருக்கும். கேட்டால், "அது இப்ப எல்லாருக்கும் இருக்கறதுதான் சார்" என்று முடித்துவிடுவார்கள். உயிர் போகிற வலியைக் கொடுத்தது கல்தானே, கல்லீரலை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தொப்பை, சுகர், பிரஷர், ஃபேட்டி லிவர், கல் எல்லாம் பலருக்கும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

யூரிக் ஆசிட் என்ற கழிவுப்பொருள் படிந்து உண்டாகும் கல்லையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடினால்தான் இது வரும் என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியம் சிறுநீர் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்பது. உடம்பில் சேரும் அமிலத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் அம்மோனியாவோடு சேர்த்துத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த அம்மோனியா போதுமான அளவு உண்டாக இன்சுலினின் தயவும் வேண்டும். இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் செவிசாய்க்காத நிலை வந்தால், அதாவது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் வந்தால், அம்மோனியா குறைகிறது. சிறுநீரின் பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்குகிறது. அந்தப் புளிப்பில் யூரிக் ஆசிட் கரையாமல் படிகமாகப் படிய ஆரம்பிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வந்தவருக்கும் இந்தக் கல் வருவது இதனால்தான். இன்சுலின் ரெசிஸ்டன்ஸோ சுகர் டெஸ்டில் தெரிவதற்குப் பல வருஷங்கள் முன்பே வந்து உட்கார்ந்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டின் அந்த ஃபேட்டி லிவர் வரி பலருக்கு அதன் தடயம்தான்.

பாரிஸில் கற்களையே ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுகர் இல்லாதவர்களின் கற்களில் யூரிக் ஆசிட் கல் 11 சதவீதம். டைப் 2 சுகர்காரர்களிடம் 36 சதவீதத்தை ஒட்டி. அதற்கு முந்தைய வருஷம், அமெரிக்காவில் சுமார் 2,40,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்த டெய்லர், கர்ஹன் குழுவினர், எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடக் கூடக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது, பெண்களிடம் இது இன்னும் தூக்கலாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். எனக்கு உறைத்தது அவர்களின் இன்னொரு முடிவு. கல் வந்தவர்களுக்குப் பின்னாளில் சுகர் வருவதும் மற்றவர்களைவிட அதிகம். அப்படியென்றால், 35 வயதில் கல் வலியோடு எமர்ஜென்சிக்கு வருகிறவரிடம் சுகர் பற்றிப் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் உண்டா? வலி ஊசி, லேசர், ஸ்டென்ட், பில், "நிறைய தண்ணி குடிங்க". அத்தோடு சரி.

எல்லாக் கல்லுக்கும் தொப்பைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் கட்டட வேலை செய்கிறவருக்குக் கல் வருவது தண்ணீர் போதாமல். சிலருக்குப் பரம்பரை. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் வகைதான். ஆனால் அங்கேயும் உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். பிரஷர்காரருக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்கிறோமே, அதே அறிவுரைதான் கல்காரருக்கும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. தக்காளி விதையைப் பொறுக்கி எடுப்போம், பாலையும் தயிரையும் நிறுத்துவோம், தினம் வாழைத்தண்டு ஜூஸ் குடிப்போம். வாழைத்தண்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதில் தாராளமாக உப்பைக் கொட்டுகிறார்களே, அதுதான் கஷ்டம். பால் தயிரை நிறுத்துவது வீண் மட்டுமல்ல, கெடுதல். இத்தாலியில் 120 ஆண்களை வைத்து 5 வருஷம் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குத் திரும்பக் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் எடுத்து உப்பையும் மாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, "சூடு தணியணும்" என்று மத்தியானம் குளிர்பானம் குடிப்பவர்களும் உண்டு. அந்தச் சர்க்கரை யூரிக் ஆசிட்டையும் ஏற்றும், தொப்பையையும் ஏற்றும்.

ஆபரேஷன் முடிந்ததும் கல்லைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். பழுப்பாக, நொறுங்கின கருப்பட்டித் தூள் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு பீரோவில் வைத்துவிடுவோம். அது லேபுக்குப் போக வேண்டிய பொருள். யூரிக் ஆசிட் கல் என்று தெரிந்தால், சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்திலேயே பல கற்கள் கரைந்துவிடும், அடுத்த தடவை கத்திக்கு வேலையே இருக்காது. சிறுநீரகம் பழுதானவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கல்லை லேபுக்கு அனுப்பும்போதே எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரி), ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். இடுப்பை அளக்க வீட்டில் தையல் டேப் போதும்.

அப்புறம் ஒன்று. இதைப் படித்துவிட்டு, எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மூன்று வேளையும் கறியும் முட்டையுமாக இறங்கிவிடாதீர்கள். மாமிசம் கூடினால் சிறுநீர் இன்னும் புளிக்கும். எடை குறைந்த கையோடு அடுத்த கல்லும் வந்து நிற்கும்.